வளர்ந்ததற்கு அடையாளம்

"மூடு! முதல்ல இடுப்பை மூடு!"

ஜகதாம்பாள் போட்ட சத்தத்தில் ரோஹிணியின் கையிலிருந்த கொசுவம் கலைந்தது. கல்கத்தாவில் தை, மாசியில் வரும் சரஸ்வதி பூஜையன்று பள்ளிக்கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, சரஸ்வதிக்குப் பூப்போட்டு அஞ்சலி செய்யப் போவார்கள். பதினைந்து வயது ஹம்சினி ஒரு மாதமாக அந்தப் புடவையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா கட்டிவிடும்போது, அவள் இடுப்பில் ஓடிய சிவந்த வரிகள் அத்தையின் கண்ணில் பட்டுவிட்டன.

"என்னடி ரோஹிணி இது? பிள்ளை பெத்தவ வயிறு மாதிரி! நாளைக்குப் பொண்ணு பார்க்க வரவாளுக்கு என்ன பதில் சொல்லுவே?"

"டாக்டர்கிட்ட காட்டியாச்சு அக்கா. திடீர்னு உசந்து, சதையும் போட்டா இல்லையா, அந்த வேகத்துக்குத் தோல் ஈடு குடுக்கலையாம். இந்த வயசுல சகஜம்னார். போகப்போக வெளுத்துடும், முழுக்க மறையாது. வறண்டு அரிக்காம இருக்க க்ரீம் தடவினா போறும், பட்டினி கிட்டினி கிடக்க வேண்டாம்னுட்டார்."

"டாக்டரா வந்து இவளைக் கட்டிக்கப் போறார்? சுரிதாரை மாட்டி அனுப்பு."

ஜகதாம்பாள் வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனையோ பேர் அவள் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். அந்தப் பதவியும் படிப்பும் ஒரு பெண்ணின் தோலைக் கண்டதும் எங்கேயோ ஓடிப்போயின.

"அக்கா சொல்றதைக் கேளேன். எதுக்கு வம்பு?" கூடத்தில் பேப்பருக்குப் பின்னாலிருந்து பெண்ணைப் பெற்ற லக்ஷ்மிநாராயணன் குரல் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மூத்தவன் ரஞ்சன் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தான். அவன் முதுகிலும் குறுக்கே அதே வரிகள். போன வாரம்தான் அத்தை அந்த முதுகைத் தடவி, "ஒரே வருஷத்துல எப்படி வளர்ந்துட்டான்! கண்ணு பட்டுடும்" என்று சுற்றிப் போட்டிருந்தாள்.

"அண்ணா முதுகுலயும்தான் இருக்கு அத்தை."

"அவன் ஆம்பளைடி. வளர்ந்தான், வந்தது."

"நான் மட்டும் என்ன பண்ணினேன்? நானும்தான் வளர்ந்தேன்."

 ரோஹிணியின் இடுப்பிலும் இந்த வரிகள் உண்டு. பத்தாவது படிக்கையில் வந்தவை. கல்யாணமான புதிதில் புடவையில் பின் குத்திக் குத்தி மறைத்தாள். ரஞ்சன் பிறந்ததும் பிரசவத்தின்மேல் பழியைப் போட்டாள். அப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எனக்கும் இருக்கு அக்கா."

"உனக்குப் பிள்ளை பெத்து வந்தது. அது கௌரவம்."

"இல்லை. இவ வயசுல வந்தது. இத்தனை நாளும் பொய் சொல்லிண்டிருந்தேன்."

பேப்பர் கீழே இறங்கியது.  ரோஹிணி கொசுவத்தை மறுபடி மடித்து, ஒரு பின்கூட அதிகம் குத்தாமல் கட்டி முடித்தாள்.

"போடி கண்ணு. இப்படியே போ."

கீழே தோழிகள் வங்க மொழியில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஹம்சினி கண்ணாடி முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். ரவிக்கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அம்மா, என் ஸ்வெட்டரைக் குடு."

"எதுக்குடி?"

"குளிர்றது."

கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அத்தை ஒன்றுமே சொல்லவில்லை. இனிமேல் அவள் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.