முட்டை மிதந்த கிளாஸ்

நோன்பு லீவில் முஸ்லிம் பாடசாலைகள் பூட்டிக் கிடக்கும் என்பது எங்கள் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் தெரியும். கொழும்பில் இருந்துகொண்டு பயிற்சி ஆசிரியர்களுக்கு இணையத்தளம் செய்தவர்களுக்குத் தெரியாது. ஸுஹைறாவின் இறுதிப் பாடத்தை வீடியோ எடுத்து ஏற்றச் சொல்லி அது திறந்ததே நோன்பு மாதத்தில்தான். இன்று மாலை ஆறு மணிக்கு மூடிவிடும். ஏற்றாவிட்டால் பிள்ளைக்கு ஒரு வருடம் வீண். கூடப் படித்தவர்கள் நியமனம் வாங்கிப் போக, இவள் திரும்பவும் பயிற்சியிலேயே நிற்க வேண்டும். அவளுக்கு வழிகாட்டி ஆசிரியை நான், றாஹிலா. வாய் கொஞ்சம் நீளம் என்று நிந்தவூரில் சொல்வார்கள். சொல்லட்டும்.

வீடு வீடாகப் போய் நாலாம் வகுப்புப் பிள்ளைகளைத் திரட்டி, பூட்டிய வகுப்பறையைத் திறந்தோம். உம்மாமார் சீருடையை அயன் பண்ணி அனுப்பியிருந்தார்கள்.

"தளத்துல இரிக்கிற மாதிரிப் பாடத்த அப்படியே செய் புள்ள. ஒரு படியும் விடாத. குற புடிக்க வழி வெக்கக்கூடா," என்று நான்தான் ஸுஹைறாவிடம் சொன்னேன்.

மாதிரிப் பாடம் இதுதான்: மூன்று கிளாஸில் தண்ணீர். ஒன்றில் உப்பு, ஒன்றில் சீனி, ஒன்று வெறும் தண்ணீர். கரைந்தபின் எது எதுவென்று பிள்ளைகள் நாக்கில் வைத்துச் சொல்ல வேண்டும். ஸுஹைறா கலக்கி முடித்து, "ஆரு ருசி பாக்கப் போற?" என்று கேட்டாள்.

"டீச்சர், நோன்பு!" வகுப்பே கத்தியது.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நோன்பாளிகள் இரண்டு பேர் சேர்ந்து ஆயத்தம் செய்த பாடம். ஒருத்திக்கும் உறைக்கவில்லையே!

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஸுஹைறா கரண்டியை மேசையில் வைத்தாள். பிறகு, "செரி, வாயில வெக்காமக் கண்டுபுடிக்கேலுமா?" என்றாள்.

"சீனியெண்டா எறும்பு வரும் டீச்சர்!"

"உப்புத் தண்ணியில முட்ட மிதக்கும். ஊறுகா போடக்குள்ள எங்கட உம்மா அப்படித்தான் பாக்கிற," என்றாள் முன்வாங்கில் உட்கார்ந்திருந்த ஸஹ்றா. பாடசாலைக்கு எதிர் வீடுதான் அவளுக்கு. ஓடிப்போய் முட்டையோடு வந்தாள். முதல் கிளாஸில் தாழ்ந்தது. இரண்டாவதிலும் தாழ்ந்தது. மூன்றாவதில் மிதந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரை போகாதது அல்லாஹ்வின் காவல். மற்ற இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்து ஜன்னல் திட்டில் விட்டார்கள், எறும்பு சீனியைக் காட்டிக் கொடுத்தது. மூன்றிலிருந்தும் ஆளுக்குக் கொஞ்சம் தனித்தனிப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து, "நோன்பு துறந்த மறுகா ருசி பாத்துச் சொல்லுங்க," என்று ஸுஹைறா அனுப்பி வைத்தாள். இப்படியொரு பாடத்தை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை. பெருமையாக இருந்தது.

வீடியோ ஏற்றுமளவுக்கு வாய்க்கால் பாலத்தடியில்தான் சிக்னல். வெயிலில் தொண்டை வறள நின்று வீடியோவை ஏற்றினோம். ஆறு மணி நெருங்கும்போது பதில் வந்தது: 'நான்காம் படி, சுவைத்தல், செய்யப்படவில்லை. நிராகரிக்கப்பட்டது.'

தளத்தின் உதவி இலக்கத்துக்குப் போன் அடித்தேன். "நோன்பு மாசத்துல புள்ளைகள் எப்படித் தம்பி வாயில வெக்கிற?"

"விளங்குது மேடம். ஆனா அந்த டிக் இல்லாட்டி சிஸ்டம் எடுக்காது. சுவைச்சாங்கன்னு நீங்களே டிக் பண்ணிடுங்க. யார் பார்க்கப் போறாங்க?"

என் விரல் அந்தக் கட்டத்துக்குப் போனது. ஸுஹைறா கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் டீச்சர். அதுகள் நோன்பக் காப்பாத்தின புள்ளைகள். அதுகள்ட பேர்ல பொய் சொல்றதா?"

"ஒரு வருசம் புள்ள!"

"தெரியும்," என்றாள். அழுதாள். கையை விடவில்லை.

தளம் மூடியது. நோன்போடு ஏசக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். ஆத்திரத்தில் எனக்கும் கண் கலங்கியது.

அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மஃரிப் பாங்கு சொல்லி, பேரீச்சம்பழத்தை வாயில் வைத்திருப்போம், அவளுடைய போன் அலறத் தொடங்கியது. பிள்ளைகளின் குரல் பதிவுகள், ஒன்றன்பின் ஒன்றாக. கடைசியாக ஸஹ்றா, மூச்சு வாங்க:

"டீச்சர், ருசி பாத்திட்டன். முட்ட மிதந்ததுதான் உப்பு! இப்பப் பாடம் முடிஞ்சிதா?"

ஸுஹைறா மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை வாயருகே பிடித்தாள்.

"ஓம் மகள். எல்லாப் படியும் செஞ்சி முடிச்சிட்டம்."