பச்சை மான்கொம்பு

ரத்கோவுக்குத் தன் கண்களின் மேல் அபார நம்பிக்கை. பான்செவோ நகரில் அடிபட்டு வரும் கார்களுக்கு வர்ணம் கலந்து தருவதுதான் இருபத்தாறு வருஷமாக அவருடைய வேலை. கம்ப்யூட்டர் சொல்லும் அளவை ஓரமாகத் தள்ளிவிட்டு, கதவை ஒரு பார்வை பார்ப்பார். இரண்டு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு நீலம். பூசி முடித்தால், இடித்தது எந்த இடம் என்று காரின் சொந்தக்காரனே தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கண்கள்தான் அவரைக் கவிழ்த்தன.

அவர் வீட்டுக் கூடத்தில், மற்றவர்கள் டிவி வைக்கும் இடத்தில், ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதன் நடுவில் மான்கொம்பு போலக் கிளைவிட்டு வளரும் உயிருள்ள பச்சைப் பவளம் ஒன்று, நுனிகளில் மட்டும் ஊதா. அது ஸ்ரெனியானின் ஊரில் இருக்கும் ரசாயன வாத்தியார் திஹோமிர் பதினாலு வருஷம் வளர்த்தது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு விரல் நீளக் கிளையை ஒடித்து ரத்கோவின் கையில் கொடுத்தார். பவளம் வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. நல்லதாக ஒன்று வளர்ந்தால் ஒடித்துக் கொடுத்துவிட வேண்டும், வாங்கியவனும் வளர்த்து இன்னொருவனுக்குக் கொடுக்க வேண்டும். யாருடைய தொட்டியாவது செத்துப்போனால் வேறொரு வீட்டிலிருந்து அது திரும்பி வந்துவிடும்.

ஜனவரிப் பனிப்புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் திஹோமிரின் தொட்டி செத்தது. அவரிடம் கிளை வாங்கிய இன்னொருவர் எப்போதோ தொட்டியை விற்றுவிட்டு நாய் வளர்க்கப் போய்விட்டார். ஆக, அந்த மான்கொம்பு இப்போது ரத்கோவின் கூடத்தில் மட்டும்தான் இருந்தது. யாரும் கேட்காமல் இல்லை. நோவி சாத் ஊரிலிருந்து ஒரு பெண் மூன்று தடவை கேட்டாள். "இன்னும் கொஞ்சம் வளரட்டும்மா" என்று மூன்று தடவையும் அனுப்பிவிட்டார். 'ரத்கோகிட்ட மட்டும்தான் இருக்கு' என்று உள்ளூர்ப் பவளம் வளர்ப்பவர்கள் கிளப்பில் பேசிக்கொள்வது அவர் காதில் தேனாகப் பாய்ந்தது, அவ்வளவுதான் காரணம்.

திஹோமிரின் புதுத் தொட்டியில் தண்ணீர் பதத்துக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை வந்து ஒரு கிளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். திஹோமிர் வரும்போது பவளம் ஜொலிக்க வேண்டும் என்று ரத்கோவுக்கு ஆசை. பழைய குழல் விளக்குகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது எல்இடி விளக்கு வாங்கி வந்தார். கூடவே வந்த தாளில், தண்ணீருக்கு மேல் நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டு, முப்பது சதவீதத்தில் ஆரம்பி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்று போட்டிருந்தது. ஒளியை அளக்கும் கருவி கிளப்பில் ஒன்றே ஒன்று உண்டு. அது முறை வைத்து வீடு வீடாகப் போகும். ரத்கோவின் முறை வர இன்னும் ஏழு பேர் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய விளக்கு தொங்கிய அதே இருபது சென்டிமீட்டரில் புதியதை மாட்டினார். முப்பதில் வைத்துப் பார்த்தார். கூடம் ஏதோ சாவு வீடு போல இருந்தது.

"என்ன மனுஷா இது, பழசே வெளிச்சமா இருந்துச்சே!" என்றாள் மனைவி யத்ராங்கா.

"பொறுடி."

ஐம்பது. அறுபது. விளக்கில் தனியாகக் கூட்டக்கூடிய நீல ஒளியை எண்பத்தைந்துக்குக் கொண்டுபோன பிறகுதான் பழைய வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. பச்சை அப்படியே பற்றி எரிந்தது. யத்ராங்காவே வாயைப் பிளந்தாள். அந்த நீலம் மனிதக் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், பவளத்துக்கு அது சித்திரை வெயில் என்பது வர்ணம் கலப்பவருக்குத் தெரியவில்லை. அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை பவளம் தன் சின்னச் சின்னக் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டது. புது இடத்துக்கு வந்த பிள்ளை மாதிரி கூச்சப்படுகிறது, பழகிவிடும் என்று ரத்கோ தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். புதன்கிழமை மேல்கிளைகள் வெளுத்திருந்தன. பதறிப்போய் விளக்கை அரை மீட்டர் தூக்கினார், ஒளியைச் சட்டென்று குறைத்தார், பவளத்தைப் பெயர்த்து அடிமணலில் இறக்கினார். எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில் செய்தார். ஏற்கெனவே வெந்துபோயிருந்ததைக் குளிரில் தூக்கிப் போட்ட கதையாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை அடிப்பகுதியிலிருந்து தோல் உரிய ஆரம்பித்தது. ரத்கோ வேலைக்குப் போகவில்லை. நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். பச்சைத் தோல் நூல் நூலாகத் தண்ணீரில் மிதந்தது, உரிந்த இடத்தில் சுண்ணாம்பாய் எலும்பு தெரிந்தது. மதியத்துக்குள் பாதி போய்விட்டது. எலும்பு வெட்டும் கத்தரியால் இன்னும் தோல் உரியாத ஐந்து நுனிகளை வெட்டி எடுத்துக் கல்லில் ஒட்டினார். அதுதான் கடைசி வழி. அவர் கண்ணெதிரிலேயே அவையும் ஒவ்வொன்றாக உரிந்தன.

"அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிடு" என்றாள் யத்ராங்கா.

"என்னன்னு சொல்றது?"

அவள் அடுப்படிக்குப் போனாள். பீன்ஸ் சூப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அது அப்படியே ஆறிப்போனது.

சனிக்கிழமை பத்து மணிக்குத் திஹோமிர் மூடி போட்ட வாளியோடு வந்துவிட்டார். ரத்கோ வாசலிலேயே, "அண்ணே, மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பித்தார். திஹோமிர் அவரை விலக்கிக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் போனார். வெள்ளை எலும்பையும் கல்லில் ஒட்டிய ஐந்து வெள்ளைத் துண்டுகளையும் பார்த்தார். மேலே தொங்கிய விளக்கைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

"நீலத்தை எதுல வெச்சே?"

"எண்பத்தஞ்சு."

"அடப்பாவி! வறுத்தே எடுத்துட்டியேடா." திஹோமிர் பெருமூச்சு விட்டார். பிறகு ரத்கோவின் முகத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டார். "சரி விடு. என் மொதல் எல்இடிக்கு நான் ஒன்பது பவளத்தைக் காவு குடுத்தேன். என் பொண்டாட்டி இன்னைக்கும் சொல்லிக் காட்டுறா. எவன்டா எரிக்காதவன்?"

யத்ராங்கா காப்பியும் இரண்டு சின்னக் கிளாஸில் ராக்கியா சாராயமும் கொண்டுவந்தாள். திஹோமிர் ஒன்றை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மற்றதை ரத்கோவின் கையில் திணித்தார்.

"குடி. எழவு விழுந்த மாதிரி ஏன் ஒக்காந்திருக்கே? இதுக்குத்தானேடா ஒடிச்சு ஒடிச்சுக் குடுத்து வெக்கிறோம். நாலு வருஷத்துல எப்படியும் மூணு நாலு பேருக்குக் குடுத்திருப்பே. அதுல பக்கத்துல இருக்கறவன் யாரு? போனப் போடு. வண்டி கீழதான் நிக்குது. எனக்கு ஒரு கிளை, உனக்கு ஒரு கிளை, சாப்பாட்டுக்குள்ள திரும்பிடலாம்."

அவர் எழுந்து வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். முகத்தில் உண்மையாகவே கவலை இல்லை. யத்ராங்கா புருஷனைப் பார்த்தாள், உடனே சமையலறைக்குள் போய்விட்டாள். ரத்கோ கிளாஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நோவி சாத்துப் பெண்ணின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை.

"யாருடா? பேரைச் சொல்லு."

"யாருக்கும் குடுக்கலண்ணே."

திஹோமிர் வாளியை மெல்லக் கீழே வைத்தார், ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ரத்கோ பிழைத்திருப்பார்.