பிளாப்பியோடு வரும் மாப்பிள்ளை

மூத்த மாப்பிள்ளைக்கு உரிய மரியாதை என்று ஒன்று உண்டு. ராஜபாளையத்தில் மாமனார் பால்ச்சாமியின் பேண்டேஜ் துணி ஆலையில் வேலை பார்த்து, அவர் வீட்டோடு இருந்த சுயம்புலிங்கத்துக்கு அது கிடைக்கவில்லை.

ஆலைக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போகும். இளைய மாப்பிள்ளை வைகுண்டராஜ் பஸ்ஸில் வந்து இறங்குவான். சட்டைப் பையில் ஒரே ஒரு பிளாப்பி. அதற்குள், விண்டோஸ் இல்லாமலே கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ், சின்னதாக. ஹார்ட் டிஸ்க் செத்துக் கிடந்தாலும் பிளாப்பியைப் போட்டு மெஷினை எழுப்பிவிடுவான். வேலை முடிந்ததும் பிளாப்பி மறுபடி பைக்குள் போய்விடும். அன்று மாமியார் சுந்தரம்மாள் கறி எடுப்பாள், இலை போடுவாள். சுயம்புலிங்கத்துக்கு வழக்கமான எவர்சில்வர் தட்டுதான்.

வயிறு எரிந்தது. பத்திரிகையோடு வந்த சிடியை வைத்து ஹார்ட் டிஸ்கிலேயே, விண்டோஸுக்குப் பக்கத்தில், லினக்ஸைக் குடியேற்றினான். இனி மாமனார் கண்முன் மெஷினை எழுப்புகிற ஆள் அவனாக இருக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் விண்டோஸ் எழவில்லை. பில் இல்லாமல் லாரி நின்றது.

"நான் பாக்கேன், மாமா."

"நீரு செத்த இரும். சின்னவுகளுக்குச் சொல்லியாச்சு" என்றார் பால்ச்சாமி.

வைகுண்டராஜ் வந்து பிளாப்பியைச் சொருகினான். மெஷின் கரகரவென்று அரைத்தது. வெளியே இழுத்தால் அதன் மேலெல்லாம் மஞ்சள்.

"அத்தை, பிளாப்பி போடுத வாயில என்ன வச்சீக?"

"சந்தனம்தான். எங்க சின்ன மாப்பிள்ளை கை படுத எடமாச்சேன்னு கொஞ்சம் கூடவே அப்பிட்டேன்."

வைகுண்டராஜின் முகம் சுருங்கியதைச் சுயம்புலிங்கம் ஆசைதீரப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து ஹார்ட் டிஸ்கில் இருந்த லினக்ஸை எழுப்பினான். விண்டோஸ் பக்கம் கிடந்த பில்களை எடுத்து அச்சடித்தான். லாரி கிளம்பியது.

"அண்ணாச்சி, உள்ளயே வச்சிருக்கீகளே! என் பிளாப்பிக்கு இனி வேலையே இல்ல" என்றான் வைகுண்டராஜ்.

பால்ச்சாமி உறுமினார். "உள்ளயே கெடந்துச்சா? பொறவு எதுக்குவே அவுகள அம்புட்டு தூரம் அலைய விட்டீரு?"

மத்தியானம் ஓர் இலை விழுந்தது. அது வைகுண்டராஜுக்கு.

சுயம்புலிங்கம் தட்டைத் தொடவில்லை. "தம்பி, எனக்கொரு பிளாப்பி போட்டுக் குடுங்க" என்றான். மனைவி பாலம்மாளைப் பெட்டி கட்டச் சொன்னான். "மாமா, நாங்க தேவதானத்துக்குப் போறோம். எங்கய்யா வீட்டுல இருந்துக்கிடுதோம். மெஷின் நின்னா போன் போடுங்க, வாரேன்."

தை மாதம் போன் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். மெஷினுக்கு உள்ளே இருந்த லினக்ஸே போதும். ஆனாலும் எல்லோரும் பார்க்கப் பையிலிருந்து பிளாப்பியை எடுத்துத்தான் சொருகினான்.

சுந்தரம்மாள் இலை போட்டாள். "நல்லாச் சாப்பிடுங்க, மாப்பிள்ள."

சாப்பிட்டான். ஆனால் சின்னவனுக்கு வைக்கும் அளவுக்குக் கறி வைத்தாளா என்பதிலேயே அவன் கண் இருந்தது.