கராஜுக்குள் விழைவு வினை

கல்முனையில் டியூஷன் வகுப்பு ஒன்றைத் தொடங்க மூன்று சாமான்கள் வேண்டும்: ஒரு கராஜ், ஒரு பதாகை, படிப்பிக்க ஒரு பாடம். மூன்றாவது இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம். கிறகரி மாஸ்டரிடம் கராஜ் இருந்தது. கார் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பதாகையும் இருந்தது. அதில் ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில், அதைக் கட்டி முடித்துவிட்டுக் கூலிக்குக் காத்திருக்கும் மேசனைப் போல, அவர் கைகட்டி நின்றார். கீழே சிவப்பு எழுத்தில், ‘பிரெஞ்சு மொழி. உயர்தர இலக்கணம் மட்டும்’ என்று போட்டிருந்தது.

அந்த ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் ஊர் விழுந்தது. விளங்குகிறமாதிரிப் படிப்பிக்கிறவரை எங்கள் பக்கத்தில் யாரும் பெரிய மாஸ்டராக எடுப்பதில்லை.

ஷரிபுதீன் அந்தப் பதாகையின் கீழே வந்து நின்றதற்குக் காரணம் இலக்கண ஆசையல்ல. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். அவருடைய மகள் பஹ்மிதா கல்யாணம் முடித்து பிரான்சில் இருந்தாள். தலைப்பிள்ளை வயிற்றில். ஒருநாள் போனில் சொன்னாள்:

“வாப்பா, உம்மாதான் இல்ல. நீங்களாவது வந்து பக்கத்தில நில்லுங்க.”

“புள்ளப்பேத்துக்கு ஆம்பிள வந்து என்னத்த மகள் செய்யிற?”

“ஒண்டும் செய்ய வேணாம். நிண்டாப் போதும்.”

எங்கள் ஊரில் பிள்ளைப்பேற்றின்போது ஆண்களுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. சுடுதண்ணிப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அரசியல் கதைப்பது. ஷரிபுதீனும் மூன்று தடவை அந்த வேலையைத் திறம்படச் செய்தவர். அந்த மூன்றில் மிஞ்சியவள் பஹ்மிதா மட்டும். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சம்மாந்துறையில் மாமி வீட்டில் நின்றாள். அவளைக் கூட்டிவர இவர் காலையிலேயே சைக்கிளில் போயிருந்தார். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, மனைவி றபீக்காவும் இல்லை, இரண்டு ஆண்பிள்ளைகளும் இல்லை. அதற்குப் பிறகு மகளுக்குத் தலை பின்னக்கூடப் பழகிக்கொண்ட மனிதர், விசாவுக்குப் பயப்படுவாரா?

பயந்தார். ஏனென்றால் விசா விஷயத்தில் ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. சம்மாந்துறை மில்காரர் ஒருவர் கொழும்புக்குப் போய் இங்கிலீசில் பதில் சொன்னாராம், அதனால்தான் மறுத்துவிட்டார்களாம். பிரெஞ்சில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் மாலை போட்டு அனுப்பியிருப்பார்களாம். மில்காரர் கொடுத்த வங்கிக் கணக்கு இன்னொருவருடையது என்பது பற்றி ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படியாக ஷரிபுதீன் கராஜுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தங்கத்துரை. சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவர். மகன் பாரிசில் கோப்பை கழுவுகிறான். முன்னால் றெஜிதா. மாப்பிள்ளை பிரான்சில், நிச்சயதார்த்தம் வட்சப்பில். இன்னும் இரண்டு மூன்று பேர்.

பாடப்புத்தகம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் விட்டுப்போனது. மாஸ்டர் குருவானவராகப் படிக்கப் போய், ஒரு வருஷம் பிரெஞ்சு படித்து, மெட்டில்டாவைக் கண்டு, அவரையே கல்யாணம் முடிக்கத் திரும்பி வந்தபோது அதையும் கொண்டுவந்தார். கடல் வந்த அன்று மெட்டில்டாவும் போனார், வீட்டு அலுமாரியும் போனது. அலுமாரி மட்டும் வயலோரத்தில் கிடைத்தது. உள்ளே புத்தகத்தின் பின்பாதி இருந்தது. வேலியில் காயப்போட்டு எடுத்தார். முதல் பக்கத்திலேயே, அதாவது மிஞ்சியதில் முதல் பக்கத்திலேயே, ‘நிறைவுறா இறந்தகால விழைவு வினை’ என்று அவரே தமிழில் பேர் வைத்த அந்த வாய்ப்பாடு. நிகழ்காலம் முழுவதும் கடலுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. படித்த முன்பாதி மாஸ்டருக்கு மறந்துபோயிற்று. பின்பாதி கையில் இருந்தது. ஆகவே பின்பாதி உயர்தரமாயிற்று.

“கெ ஜெ வேன்ஸ்!” என்பார் மாஸ்டர்.

“கெ ஜெ வேன்ஸ்!” என்று கராஜ் அதிரும்.

“கெ தியு வேன்ஸ்! கில் வேன்! கெ நூ வேன்சியோன்!”

எதையும் கூட்டாகக் கத்திப் படித்தே பழகிய ஊர். ஷரிபுதீனுக்கு உடம்பு தன்பாட்டில் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. சின்னவயதில் ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதி ஆடிய ஆட்டம், அந்த ராகம். சண்டே ஸ்கூலில் படித்த றெஜிதாவும் சில நாட்களில் அதே ராகத்தில் ஆடினாள். தங்கத்துரை கரைவலை இழுக்கிற அம்பாப் பாட்டில் அதைப் பிடித்து, ‘வேன்சியோன்’ வரும் இடத்தில் கையால் கயிறும் இழுத்தார். றோட்டால் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு, படிப்பென்றால் இதுதான் படிப்பு என்று போனார்கள்.

ஷரிபுதீன் ஒருநாள் மெல்லக் கேட்டார்: “மாஸ்டர், ‘நான் வாறன்’ எண்டு சாதாரணமாச் சொல்றது எப்பிடி?”

“ஷரிபுதீன் காக்கா, அது சின்னப் புள்ளயளுக்குரிய பாடம். அத எந்த நாயும் படிப்பிக்கும்.”

“எந்த நாய் எண்டு சொல்லுங்க சேர்,” என்றார் தங்கத்துரை. “அதுக்கிட்டயும் ஒரு மாசம் போய்ப் பாப்பம்.”

றெஜிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: “சேர், இத எங்க பாவிக்கிற?”

மாஸ்டர் சோக்குத்துண்டை உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “ஒராள் வரோணும் எண்டு நீங்க ஆசப்பட்டீங்க. அது முடிஞ்சுபோன காலம். அந்த ‘வரோணும்’ இரிக்கெல்லா, அதுதான் இது.”

“ஆள் வந்ததா, இல்லயா?” என்றார் தங்கத்துரை.

“அதப்பத்தி இலக்கணம் ஒண்டும் சொல்லல்ல.”

பிறகு யாரும் கேட்காமலே ஷரிபுதீன் வாய்ப்பாட்டைத் தொடங்கினார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு வழக்கத்தைவிடச் சத்தம் கூட. சுனாமிக்குப் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. மனதைத் திறந்து பேசுங்கள் என்றன. கலர்ப் பென்சில் தந்து கடலை வரையச் சொன்னன. வரைந்ததைப் படம் பிடித்துக்கொண்டு போயின. ஒருவரும் ஒரு வாய்ப்பாடு தரவில்லை. இருபது வருஷத்துக்குப் பிறகு, வரவேண்டும் என்று ஆசைப்பட்டதை வாய்விட்டுக் கத்த ஒரு கராஜ் கிடைத்திருந்தது, அதுவும் யாருக்கும் விளங்காத பாஷையில்.

போனில் மகளுக்கு ஒருமுறை சொல்லிக் காட்டினார். பஹ்மிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வாப்பா, இங்க ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கிறல்ல! இது ராசாமார்ர காலத்துப் பேச்சு. இத ஆரும் படிப்பிக்கிறதும் இல்ல!”

ஷரிபுதீன் இதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. அடுத்த வகுப்புக்கு நேரத்தோடு போனார்.

கொழும்பில், தூதரகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க சுஜித்தா என்று சட்டையில் பேர் குத்திய ஒரு கொழும்புப் பிள்ளை. ஒருவரும் பிரெஞ்சில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் தமிழில்தான் வந்தது. ஷரிபுதீனுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“அங்கிள், வீட்ல யார் யார் இருக்காங்க?”

“ஒருத்தருமில்ல மகள்.”

“மனைவி?”

“சுனாமியில மௌத்து.”

“வேற பிள்ளைகள்?”

“அவங்களும்தான்.”

சுஜித்தா அதைச் சொன்னாள். வெள்ளைக்காரப் பெண் கடதாசிகளைப் புரட்டினார். வீட்டு உறுதி இருந்தது, ஓய்வூதியச் சான்று இருந்தது, பள்ளிவாசல் கடிதம் இருந்தது. ஆள்தான் இல்லை.

“இருக்கிற ஒரே மகள் பிரான்ஸ்ல. அப்ப நீங்க திரும்பி வர்றதுக்கு என்ன காரணம்னு மேடம் கேக்கிறாங்க.”

நியாயமான கேள்வி. கடலோடு போனவர்கள் போகும்போது விசா விதிகளையும் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம். ஷரிபுதீனுக்கு மகளின் முகம் மனதில் வந்தது. வேறொன்றும் வரவில்லை. கடைசியில் இருந்ததைச் சொன்னார்.

“எனக்குச் செவ்வாயும் வியாழனும் வகுப்பிரிக்கி.”

“என்ன வகுப்பு?”

“பிரெஞ்சு வகுப்பு.”

சுஜித்தா மொழிபெயர்க்காமல் அவரைப் பார்த்தாள். “அங்கிள், பிரான்சுக்குப் போய்ட்டு, பிரெஞ்சு படிக்கக் கல்முனைக்குத் திரும்பி வருவேன்னு சொல்றீங்களா?”

“ஓம் மகள். எங்கட பாடத்த அங்க ஒருத்தரும் படிப்பிக்கிறல்லயாம்.”

அவள் வேறு வழியில்லாமல் அதையும் சொன்னாள். அந்தப் பெண் என்ன பாடம் என்று கேட்க, ஷரிபுதீன் எழுந்து நின்றார். கண்ணை மூடினார். ஓதப்பள்ளி ராகத்தில், முன்னும் பின்னும் ஆடி, முழு வாய்ப்பாட்டையும் சொல்லி முடித்தார். பின்னால் வரிசையில் நின்ற யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் ஆமீன் என்றார்.

வெள்ளைக்காரப் பெண் பேனையைக் கீழே வைத்துவிட்டார். சிரிக்கப்போகிறார் என்று சுஜித்தா நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. மெதுவாக ஏதோ கேட்டார்.

“இத நீங்க யார்கிட்ட பேசுவீங்கன்னு கேக்கிறாங்க.”

“எங்களுக்குள்ளதான் மகள். வரோணும் எண்டு ஆசப்பட்டதச் சொல்றது. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொராள்.”

அந்தப் பெண் பேனையை மறுபடி எடுத்து எழுதத் தொடங்கினார்.

விசா வந்தது. எதனால் வந்தது என்று எழுதி அனுப்பும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அந்தக் குறையை ஊர் உடனே நிவர்த்தி செய்தது. சந்தியில் புதுப் பதாகை ஏறியது. அதில் ஷரிபுதீனின் அடையாள அட்டைப் படம் ஆளுயரத்துக்குப் பெருத்து, திருடனைப் போல முழித்தது. ‘முதல் அமர்விலேயே சித்தி’ என்று, பரீட்சையில் பாஸானவருக்குப் போடுவதுபோல எழுதியிருந்தது. கராஜ் நிரம்பி, கதிரை போதாமல், மாஸ்டர் கிணற்றடிக்கும் தகரக் கூரை இறக்கினார். முன்பாதி எங்கே என்று புதிதாக வந்தவர்களும் கேட்கவில்லை.

மகளிடம் அவர் போய்ச் சேர்ந்து சில நாட்களில் பஹ்மிதாவுக்கு வலி எடுத்தது. மத்தியானம். ஆஸ்பத்திரியில் மருமகன் றிஷான் துணிச்சலோடு பிரசவ அறைக்குள் போனான். போன வேகத்தில் மயங்கி விழுந்து, இரண்டு தாதியர் தூக்கிவந்து வாசலில் கிடத்தினார்கள். எங்கள் ஊர் ஆண்களை வாசலில் வைத்திருப்பதில் ஒரு ஞானம் இருக்கத்தான் செய்கிறது. தாதி ஷரிபுதீனைப் பார்த்து என்னவோ கேட்டாள். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விழைவு வினை அதில் எங்கும் வரவில்லை. அவள் காத்திருக்காமல் அவருக்கு ஒரு பச்சை அங்கியை மாட்டி, முதுகில் முடிச்சுப் போட்டு, உள்ளே தள்ளிவிட்டாள்.

மூன்று பிள்ளைகளின் தகப்பன் அந்த அறையை வாழ்க்கையில் முதல்தடவையாகக் கண்டார். பஹ்மிதா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது.

“உம்மா!” என்று கத்தினாள். “உம்மா, எங்க உம்மா?”

ஷரிபுதீன் தலைமாட்டுக்குப் போனார். கம்பியிலிருந்து அவளுடைய கையைப் பிரித்துத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

“ஓம் மகள்,” என்றார். “இங்கதான் இரிக்கன்.”

யாருடைய குரல் என்று அவள் கண் திறந்து பார்க்கவில்லை. கையை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.