இரண்டாவது கியரில் ஒரு சத்தம்

பல் செட் கட்டிக் கொடுக்கும் கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் கார்புரேட்டர். பழைய கார் பைத்தியம் என்று கிண்டலாகத்தான் வைத்தார்கள். மனுஷர் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார். இஞ்சினுக்குப் பெட்ரோல் கலந்து ஊட்டும் கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு கம்ப்யூட்டரை வைத்த பிறகு வந்ததெல்லாம் காரே இல்லை, சக்கரம் வைத்த வாஷிங் மெஷின் என்பது அவர் கட்சி. அதை எதிர்த்து யாரும் வாதாடியதில்லை. பல் அளவெடுக்க வாய் நிறைய அச்சு மாவோடு நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஆள் எப்படி வாதாடுவார்?

ஜெர்மன்காரன் கதவு சாத்துகிற சத்தத்தை வைத்தே பாதி காரை விற்றுவிட்டான் என்பார். இத்தாலிக்காரன் அழகாக வரைவான், ஆனால் மழை என்று ஒன்று பெய்யும் என்பது அவனுக்கு ஞாபகம் வராது. ஜப்பான்காரன்மேல் மட்டும் தனிக் கடுப்பு. கெட்டே போகாத வண்டியோடு மனுஷன் என்னத்தைப் பேசுவது? ஆட்டோமேட்டிக் கார்களுக்கோ ஒரே வரியில் தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். கிளட்ச் மிதிக்கத் தெம்பில்லாதவர்கள் பஸ்ஸில் போகட்டும். இதை விருந்தாளிகள் முன்னால் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். அவர் மனைவியும் சிரிப்பாள்.

மனைவி நர்ஸ். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிற வேலை. அவரிடம் இருந்த ஒரே கார், கம்பெனியே மூடிப்போன ஒரு பச்சை நிறப் பழைய கார், வார நாட்களில் அவளிடம்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவருடையது. அன்றைக்கு அவர் அதை ஓட்டியதைவிட அதன் அடியில் படுத்திருந்ததுதான் அதிகம்.

கொஞ்ச நாளாக ஒரு சத்தம் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. காலையில் அவள் தெருமுனை திரும்பும்போது, ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறுகிற இடத்தில் ஒரு கரகரப்பு. வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கு என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார். கியர் பல் தேய்ந்துவிட்டது, சந்தேகமே இல்லை. ஆயுள் முழுக்கப் பல்லோடு மல்லுக்கட்டுகிற ஆளுக்கு இது தெரியாதா?

கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தார். பல்லெல்லாம் புதுசு போல மின்னின. திரும்பப் பூட்டி ஓட்டிப் பார்த்தார், வெண்ணெய் மாதிரிப் போனது. மறுநாள் காலை தெருமுனையில் அதே கரகரப்பு. ஆயிலை மாற்றினார், கிளட்ச் கேபிளை மாற்றினார். அவர் ஓட்டினால் சத்தமில்லை, அவள் ஓட்டினால் சத்தம். தன் கை பட்டதும் வண்டி அடங்கிவிடுகிறது என்று நண்பர்களிடம் பெருமை வேறு பேசினார். நல்ல காலம், அதை அவள் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு அவள் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டியைக் கேட்க வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். மூடினார். வண்டி கிளம்பியது. தெருமுனை வந்தது. கரகரப்புக்குச் சற்று முன்னால் வேறொரு சத்தம் கேட்டது. யாரோ பல்லைக் கடித்து மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். வண்டியில் அப்படி ஒரு பாகம் கிடையாது.

கண்ணைத் திறந்தார். அடுத்த தடவை கியர் மாற்றும்போது அவள் இடது காலைப் பார்த்தார். கிளட்ச் பாதிதான் இறங்கியது, கியர் கரகரத்தது. முழங்கால் அதற்குமேல் நிமிரவில்லை. அவள் முகம் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓரமா நிறுத்து என்றார். நிறுத்தினாள்.

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளாச்சுங்க."

டாக்டரிடம் போனதையும் சொன்னாள். கிளட்ச் இல்லாத வண்டி ஓட்டுங்கள், முடியாவிட்டால் வேலையை விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இந்த மாசத்தோடு வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்து வைத்திருந்தாளாம். உயிரான வேலை அவளுக்கு. அவள் வருகிற நேரத்துக்குத் தலை சீவி உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் இருந்தார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா இந்த வண்டிய வித்துடுவீங்க. வித்துட்டு வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பீங்க. அத என்னால பார்க்க முடியாது. அதுவுமில்லாம..." கொஞ்சம் தயங்கினாள். "தெம்பில்லாதவங்க பஸ்ல போகட்டும்னு நீங்கதானே சொல்லுவீங்க. பஸ்ல ஏறவும் முடியலங்க."

அவள் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் அவரைக் கொன்றது. ஊரைச் சிரிக்க வைக்கப் பேசிய பேச்சு வீட்டுக்குள் சட்டமாகிவிட்டிருந்தது. ஒரு இரும்புப் பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவர், பக்கத்தில் படுத்திருந்தவளை என்ன என்று கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள்மேல் பொங்கி வந்த பிரியத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. இறங்கிச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நகர்ந்து உட்காரு. இன்னைக்கு நான்தான் டிரைவர்."

அன்றைக்கு எல்லா வீட்டுக்கும் அவரே ஓட்டினார். அவள் உள்ளே போன நேரத்தில் வாசலில் நின்று, வண்டி வாங்கி விற்கும் தரகருக்குப் போன் போட்டார். கேட்டது ஆட்டோமேட்டிக் வண்டி என்றதும், தரகர், பேசுவது யார் என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார்.

கடைசி வீட்டிலிருந்து அவள் வந்து ஏறியதும் விஷயத்தைச் சொன்னார். நாளைக்குப் போய் ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கிவிடலாம். பச்சைக் கார் அது பாட்டுக்கு வீட்டில் நிற்கட்டும். வேலையை விடுகிற பேச்சே வேண்டாம்.

"யாரு செஞ்ச வண்டி?" என்று கேட்டாள்.

"ஜப்பான்காரன்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு சாவியைத் திருப்பி, வண்டியை உறும விட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னும் என்னென்ன சொல்லாம வச்சிருக்க?"

அவள் ஏதோ சொன்னாள். வண்டிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இஞ்சினை அணைத்தார்.

"ராத்திரில வலி வந்தா தூக்கம் வராதுன்னு சொன்னேன். நீங்க தூங்குற சத்தத்தக் கேட்டுட்டே படுத்திருப்பேன். அது இருந்தா பயமா இருக்காது."

அவர் ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுத்து அவள் முழங்கால்மேல் மெதுவாக வைத்தார்.

"இனிமே என்னை எழுப்பு."

"எழுப்பி? நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எனக்குத் தெரியாது," என்றார் அவர். "ஆனா எழுப்பு."