வேலிக்குள் ஊதாமணி

புல்வெளித் தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவருக்குப் பூக்காரம்மா என்று பெயர். பூ விற்றவர் அல்ல; ஊதாமணி என்கிற ஒரேயொரு காட்டுப்பூவைக் கட்டிக்கொண்டு அழுதவர். அந்தப் பூ குறைந்து வருகிறது என்று முதலில் சொன்னவர் அவர்தான். ஆடுகள் மிதித்துத்தான் பாழாகிறது என்று முடிவுகட்டி, புல்வெளியைச் சுற்றி வேலி போடவைத்து, ஆட்டுக்காரரையும் வெளியே அனுப்பிவைத்தார்.

வேலி போட்ட பிறகு பூ இன்னும் குறைந்தது. 'அருகிவரும் இனம்' என்று அறிவித்தார்கள். அம்மாவுக்குப் பதவி உயர்வு. பிறகு 'அழிவின் விளிம்பில்' என்றார்கள். அம்மா பிரிவுத் தலைவரானார். பூ தேயத் தேய அவர் வளர்ந்தார். இந்த வருடம் வேலிக்குள் இடுப்பளவு புல் நின்றது, பூவைத்தான் காணோம். சிறந்த பாதுகாவலர் விருது அவருக்கு என்று அறிவிப்பு வந்தது.

அந்த வாரம் நாத்தனார் வந்தாள். வந்தவள் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து, ஒரு கைப்பிடி ஊதாமணியைச் செருகிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"அண்ணிக்குப் பூன்னா உசுராச்சேன்னு வர்ற வழியில பறிச்சேன்."

அம்மா தம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எங்க பறிச்ச?"

"பஸ் டிப்போ பின்னாடி. கொட்டிக் கிடக்குது. ஏன் அண்ணி இப்படி முழிக்கிறீங்க? நாலு பூவுக்குக் கேஸா போடப் போறாங்க?"

"போடுவாங்க. நான்தான் போடணும்."

டிப்போவின் பின்னால் இருந்த பொட்டலில், பழைய டயர்களுக்கு நடுவே ஊதாமணி பூத்துக் குலுங்கியது. ஆடுகள் புல்லை மட்டும் ஒட்டக் கடித்திருந்தன. குளம்பு பட்டுக் கிளறிய மண்ணில் எல்லாம் புது ஊதாமணிக் கன்றுகள். அம்மா குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். இந்த விதைக்கு வெறும் மண்ணும் வெயிலும் வேண்டும். வேலிக்குள் வளர்ந்த புல் அதன் கழுத்தை நெரித்திருக்கிறது.

ஆட்டுக்காரர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "இங்கயும் வேலியாம்மா? சொல்லிடுங்க, முன்னாடியே கிளம்பிடறேன்."

"வேண்டாம். நீங்க அங்கயே திரும்பி வந்துடுங்க."

"எங்க? நீங்க பூட்டின எடத்துக்கா?"

அம்மா தலையாட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் இயக்குநரிடம் ஒன்று விடாமல் சொன்னார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"விருது வர்ற நேரத்துல சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கறீங்களே. டிப்போ பின்னாடி கொட்டிக் கிடக்கற பூவுக்கு நமக்கு எதுக்கு ஒரு பிரிவு?"

"அங்க இருக்கறதும் ஆடு மேயறவரைக்கும்தான் சார். வேலியைத் திறந்து ஆட்டை விடணும்."

இயக்குநர் யோசித்தார். "சரி. ஆடுன்னு எழுதாதீங்க. 'இயற்கைவழிப் புல் மேலாண்மை'ன்னு எழுதுங்க. மேல கையெழுத்துப் போட்டுடுவாங்க."

போட்டார்கள். ஆடுகள் உள்ளே போயின.

விருது விழாவில் அந்த வேலியைப் புகழ்ந்து நீளமாகப் பாராட்டுரை வாசித்தார்கள். அம்மா மைக்கைப் பிடித்து, "வேலி போட்டதே என் தப்புங்க. அந்தப் பூவைக் கொன்னது நான்தான்" என்றார்.

என்ன அடக்கம் என்று அரங்கம் கைதட்டியது. அவர் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கைதட்டல் கூடியதே தவிர, யாரும் நம்பவில்லை.