அது வேற ரோடு

என் மாமியார் இருபத்தாறு வருடம் சுற்றுலாத் துறையின் தகவல் கவுண்டரில் வேலை பார்த்தவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி, அடுக்கி வைத்த மடிப்புத்தாள்கள். "அந்த மலை ஏரிக்கு அவ்வளவு தூரம் வேலை மெனக்கெட்டுப் போகலாமா?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்பார்களாம். "கட்டாயம் போங்க. காலையில தண்ணி பச்சையா இருக்கும், உச்சி வெயில்ல நீலம், சாயங்காலம் செம்பு நிறம்" என்று மடிப்புத்தாளில் இருப்பதை இவர் மூச்சு விடாமல் ஒப்பிப்பாராம்.

அந்த ஏரியை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. லீவு கிடைத்தால் வண்டி கிடைக்காது. வண்டி கிடைத்தால் மாமனாருக்கு உடம்பு சரியிருக்காது. மாமனார் காலமாகி, இவரும் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. நான், என் மனைவி, மாமியார் மூன்று பேரும் இரண்டு நாள் கடற்கரை விடுதிக்குப் போவது என்று முடிவானதும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மாப்பிள்ளை, போற வழியில அந்த ஏரி இருக்கு. ரொம்பச் சுத்து இல்ல. ரோடு பிரியற எடத்துலேருந்து நாப்பத்திரண்டு கிலோமீட்டர்தான்."

"பாத்துக்கலாம் அத்தை" என்றேன்.

நான் "பாத்துக்கலாம்" என்றால் "இல்லை" என்று பொருள். என் மனைவிக்கு அது அத்துப்படி. அவள் அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் நான் சூப்பர்வைசர். எந்தக் கட்டடத்தில் எவர் மாட்டிக்கொண்டாலும் நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். வாரத்தில் ஆறு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கு ஏழாவது நாளும் அதே வேலையா? போய் வர எண்பத்து நாலு கிலோமீட்டர், அதுவும் மலைப்பாதை. போனில் தேடிப் பார்த்தேன். போய் வந்த ஒருவர், "ஒரு குழி. அதுல தண்ணி. அவ்ளோதான்" என்று எழுதியிருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அரையிறுதி ஆட்டம். உண்மையைச் சொன்னால், அதுதான் முதல் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பினோம். ரோடு பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெட்ரோல் பங்க். நிறுத்தினேன். ஏரிக்கு அம்புக்குறி போட்ட பலகை அங்கிருந்தே தெரிந்தது. மாமியார் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சரிசெய்துகொண்டார். யாரையோ பார்க்கப் போகிற மாதிரி.

"ரோடு எப்படி இருக்குன்னு எதுக்கும் ஒரு போன் பண்ணிக் கேட்டுடறேன்" என்று இறங்கினேன்.

காற்று அடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று போனைக் காதில் வைத்தேன். யாருக்கும் அடிக்கவில்லை. ஆனால் உதடுகள் அசைந்தன. "அப்படிங்களா? எத்தனை நாள் ஆகும்?" என்று காற்றிடம் கேட்டேன். காருக்குள்ளிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்ததால், முகத்தைக் கொஞ்சம் வருத்தமாகவும் வைத்துக்கொண்டேன்.

"மண் சரிஞ்சு ரோட்டை மூடிட்டாங்களாம் அத்தை."

"யாருக்குப் போன் பண்ணீங்க?"

"உங்க பழைய கவுண்டருக்குத்தான்."

அவர் சீப்பை மடியில் வைத்தார். பிறகு கேட்டார், "யாரு எடுத்தாங்க? ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளைங்க."

"நல்லாப் பேசினாங்களா?"

"ரொம்ப மரியாதையாப் பேசினாங்க அத்தை."

"சரிங்க மாப்பிள்ளை" என்று சீப்பைப் பைக்குள் வைத்து மூடினார்.

நாலு மணி ஆட்டத்தை விடுதி அறையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு பார்த்தேன். ஆறு மணிக்கு மூவரும் கீழே டீ குடிக்கப் போனோம். வராந்தாவில் ஒரே ஒரு மேசையில்தான் இடம் இருந்தது. அங்கே புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. பையனுக்கு மூக்கெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது.

"எங்கே போயிட்டு வந்தீங்க?" என்று என் மனைவிதான் பேச்சைத் தொடங்கினாள்.

"மேல ஒரு ஏரி இருக்குங்க. மதியம்தான் போனோம்" என்று அந்தப் பெண் போனை நீட்டினாள்.

நான் டீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ரோடு மூடியிருக்குன்னாங்களே?" என்றாள் என் மனைவி.

"மூடியிருக்கா? புது ரோடு போட்டிருக்காங்க. வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது" என்றான் பையன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் பிஸ்கட் தட்டைப் பார்த்தேன்.

"அது வேற ரோடும்மா" என்றார் மாமியார், சாதாரணமாக. "பின்பக்கமா ஒண்ணு போகும். அதைத்தான் மூடியிருப்பாங்க." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் போனை வாங்கினார். "இதைப் பெருசாக்கிக் காட்டேன் கண்ணு."

திரையில் தண்ணீர் நீலமாக இருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். நான் திட்டு வாங்கியிருக்கிறேன், அதிகாரியிடம் எல்லோர் முன்னாலும் அசிங்கப்பட்டிருக்கிறேன். ஆனால் எனக்காக இன்னொருவர் பொய் சொல்லி, அதுவும் நான் ஏமாற்றியவரே சொல்லி, என் மானத்தைக் காப்பாற்றியது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

ராத்திரி மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் திரும்பும் வழியில், யாரையும் கேட்காமல் பலகை காட்டிய பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

"மாப்பிள்ளை, ரோடு மூடியிருக்குன்னீங்களே?"

வண்டியை ஓரங்கட்டினேன். "மூடலை அத்தை. நான் போனே பண்ணல." கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"தெரியும்" என்றார். "ஞாயித்துக்கிழமை எங்க கவுண்டர் லீவு."

பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர். வேலையில் இருந்த காலத்தில் அன்றைக்குத்தான் அவருக்கு லீவு என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"தெரிஞ்சா அப்பவே கேட்டிருக்கலாம்ல அத்தை?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும். நான் உக்காந்து அதையும் கேக்கணும். எதுக்கு?"

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வண்டியை எடுத்தேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது வானம் மூடியிருந்தது. இருநூற்றுப் பதினாலு படிகள். மாமியாருக்கு மூட்டு வலி. கை கொடுத்தேன். அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஏறினார். உச்சியில் ஏரி, பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி சாம்பலாகக் கிடந்தது.

டிக்கெட் கிழிக்கிறவர், மாமியார் மூச்சு வாங்குவதைப் பார்த்துத் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "நேத்து வந்திருக்கணும்மா நீங்க. நேத்து வெயில் அடி அடின்னு அடிச்சுது. நீலம்னா அப்படி ஒரு நீலம்."

நான் என் செருப்பு நுனியைப் பார்த்தேன். மாமியார் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி ஒரு முறை முறைத்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெயில் வருமென்று மதியம் ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. மாமியார் மெல்ல டிக்கெட் கிழிக்கிறவரிடம் கேட்டார், "தகவல் கவுண்டர்ல சொன்னாங்கன்னு இங்க யாராவது வருவாங்களா?"

"முந்தி நெறைய வருவாங்கம்மா. போன்ல ஒரு அம்மா அப்படி ஆசை காட்டினாங்கன்னு சொல்லிட்டு வருவாங்க. இப்படி மேகமா இருந்தா அந்தம்மாவை என்கிட்ட வண்டை வண்டையாத் திட்டுவாங்க."

மாமியாரின் முகம் சுருங்கிவிட்டது. சொல்லாமல் விட்டிருக்கலாம். அவரை அங்கே யாருக்குத் தெரியும்? எங்களைத் தவிர ஆளே இல்லை.

"அந்தம்மா நான்தாங்க" என்றார். "வந்து பாக்காமலே சொன்னேன். மேகம் வந்தா இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. தப்புதான்."

டிக்கெட் கிழிக்கிறவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அட, விடுங்கம்மா. உங்களாலதான் எனக்கு இங்க பேச்சுத் துணைக்கு ஆள் வந்துச்சு" என்று சிரித்தார். மாமியாரும் சிரித்தார். என் மனைவிகூடச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பொய்யை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு ஜோடி வந்து போட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, ஒரு ராத்திரி தேவைப்பட்டது. அப்போதும் "மன்னிச்சிடுங்க" என்ற ஒரு வார்த்தையை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவரோ யாரும் கேட்காமலே, ஸ்டூலில் உட்கார்ந்தபடி சொல்லி முடித்துவிட்டார்.

இறங்கும்போது இரண்டு படி கீழே நின்று அவர் பக்கம் திரும்பினேன். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"அத்தை..."

"கீழ பாத்து இறங்குங்க மாப்பிள்ளை" என்றார் அவர். "வழுக்கும்."